நாட்டார் பாடல் என்று எழுதிக் கொடுத்தவர்

என் கணவர் நாகேந்திரத்துக்கு மெண்டலின், ஹார்மோனியம், புல்லாங்குழல், டோல்கி, மவுத் ஓர்கன், புல்புல்தாரா என்று ஆறு வாத்தியங்கள் வாசிக்கத் தெரியும். பாட்டுக் கட்டுவார், பாடுவார். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். "இது என்னுடையது" என்று நாலு பேர் முன்னால் சொல்லத் தெரியாது. இருபத்தொன்பது வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், அந்த ஒரு குணத்தால் நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி. பெயர் மெற்றில்டா. எங்கள் பப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். அண்ணன் றேமண்ட் கல்யாண வீடுகளிலும் கோயில் திருநாட்களிலும் வாசிக்கிற ஒரு கோஷ்டி வைத்திருந்தான். எழுபத்திரண்டாம் ஆண்டு அந்தக் கோஷ்டியின் மெண்டலின்காரன் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். றேமண்ட் எங்கெல்லாமோ விசாரித்து, வெள்ளவத்தையில் ஒரு போடிங்கில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். முழுக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, துணிப்பைக்குள் மெண்டலின்.

"ஆளப் பாத்தா கணக்கு படிச்சுக் குடுக்க வந்தவர் மாதிரி இருக்கு" என்று அம்மாவின் காதில் சொன்னேன். அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். நான் அப்படியே அங்கே உட்கார்ந்துவிட்டேன். சுடுதண்ணீர் கொதித்து வற்றி, கேத்தில் கருகின வாசம் வந்த பிறகுதான் எழும்பினேன். அம்மாவிடம் நல்ல ஏச்சு வாங்கினேன்.

கோஷ்டியில் அவருக்கு ஒரு தனி இடம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஒருமுறை மோதரைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு டோல்கிக்காரன் வரவில்லை. பெண் வீட்டார் முழித்துக்கொண்டு நிற்க, இந்த மனிதர் அமைதியாகச் சப்பாத்தைக் கழற்றினார். இடது காலில் சலங்கை கட்டிக்கொண்டார். கம்பியை வளைத்துக் கழுத்தில் மாட்டி அதில் மவுத் ஓர்கனைச் செருகினார். கையில் மெண்டலின். மூன்றையும் ஒன்றாக வாசித்துக்கொண்டு நடுநடுவே பாடவும் செய்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கொட்டாஞ்சேனையில் அவருக்குச் "சலங்கை கிளார்க்" என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் வெட்கத்தில் காது சிவந்துவிடும்.

இனி பாட்டுக்கு வருகிறேன். எல்லாக் கரைச்சலுக்கும் அதுதான் காரணம்.

எங்கள் வீட்டு முன்கதவு பழைய பலகை. மழைக்காலம் வந்தால் ஊதிப் போய்விடும். திறந்தால் சாத்த முடியாது, சாத்தினால் திறக்க முடியாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க அதைத் திறந்தே வைத்திருப்போம். பப்பா வேலை முடிந்து வரும்வரை ஒருவர் வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் உள்ளே வந்துவிடும். நிற்கிற ஒருவர் எப்போதும் நான்தான். சனிக்கிழமை ஒத்திகைக்கு வருகிற கிளார்க் ஐயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எழுபத்துநாலாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒத்திகை முடிந்து மற்றவர்கள் போன பிறகு, மெண்டலினை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினார்:

கப்பல் வரும் நேரமெண்டு
கதவு திறந்து வச்சவளே
உப்புக் காத்து பட்டுப்பட்டு
ஒட்டிக் காய்ஞ்ச கன்னத்தாளே

உண்மையில் இரண்டாவது வரியை "வாசல் கூட்டி வச்சவளே" என்றுதான் முதலில் பாடினார். நான் விடுவேனா?

"நான் எங்கங்க வாசல் கூட்டினேன்? அது பக்கத்து வீட்டு றஞ்சிதம் அக்காட வேலை. நான் கதவத்தான் தெறந்து வச்சேன். அப்படியே போடுங்க."

"சரி, சரி. கோவிக்காதையும்" என்று திருத்திப் பாடினார். அப்போதுதான் அந்தப் பாட்டு என்னைப் பற்றியது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நான் உள்ளே ஓடிவிட்டேன். றேமண்ட் ஒரு மாலுமியிடம் வாங்கிய ஸ்பூல் ரேப் மெஷின் வைத்திருந்தான். தும்மினால்கூடப் பதிவு செய்வான். அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வருடம் கல்யாணம். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; அவர் சைவக்காரர். அவருடைய அப்பா ஊரில் சைவப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். கல்யாணத்துக்கு வரவில்லை, ஆனால் நாலு பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் மூன்று பக்கம் என்னைப் பற்றி. மிச்சம் ஒரு பக்கம், மகன் மேடையில் ஆடிப்பாடுவதாகக் காதில் விழுந்தது பற்றி. "அரசாங்க உத்தியோகத்தன் செய்கிற வேலையா?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதம் வந்த கிழமைதான் வானொலியில் ஒரு கிராமிய நிகழ்ச்சிக்குப் பாட அழைப்பும் வந்தது. நிரப்ப வேண்டிய படிவத்தில் "பாடலை இயற்றியவர்" என்று ஒரு கட்டம். இவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசித்தார். தன் பெயரைப் போட்டால் வேலை செய்யும் கந்தோரில் பெரியவரிடம் அனுமதி எடுக்க வேண்டும். ரேடியோவில் பெயர் சொன்னால் ஊரில் அப்பா கேட்பார். காதல் பாட்டு வேறு. கடைசியில் அந்தக் கட்டத்துக்குள் அழகான கையெழுத்தில் "நாட்டார் பாடல்" என்று எழுதினார். அதாவது, யார் கட்டியதென்று தெரியாமல் ஊர் வாயில் வழிவழியாக வருகிற பாட்டு.

"அப்ப நான் யாரு, ஊரா?" என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை மெற்றி. ஒரு கட்டம் நிரப்பினதுக்கு என்ன வந்திட்டுது? பாட்டு போனால் சரிதானே."

பாட்டுப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டிக்குப் பாடினார்கள். மீன் வாங்கச் சந்தைக்குப் போனால் அங்கே ஒருவன் ஐஸ் உடைத்துக்கொண்டே பாடினான். கொழும்பில் யாரைப் பார்த்தாலும் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அறிவிப்பாளர் கனிந்த குரலில் "நாட்டார் பாடல்" என்பார். நான் ரேடியோவைப் பார்த்து, "நாட்டாரும் இல்ல, வீட்டாரும் இல்ல, இந்தா சாரம் கட்டிட்டு பேப்பர் படிக்கிறாரு" என்று கத்துவேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. ஆறு வாத்தியமும் போனது. அவர் தேதி போட்டுப் பாட்டு எழுதி வைத்த மூன்று கொப்பிகளும் போயின. உடுத்த துணியோடு இரத்மலானை விமான நிலையத்து முகாமில் பன்னிரண்டு நாள் இருந்தோம். அங்கே சனம் வாய் பேசாமல் கிடந்தது. நாலாம் நாள் இவர் இரண்டு வெறும் பால்மா ரின்னை எடுத்துக் கவிழ்த்து வைத்துத் தட்டத் தொடங்கினார். முதலில் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு தாய்மார். ஒரு மூலையில் யாரோ "கப்பல் வரும் நேரமெண்டு" என்று எடுத்துக் கொடுத்தார்கள். வடக்கே போகக் கப்பலுக்காகக் காத்திருந்த சனம் அல்லவா, அந்த வரி வந்ததும் அழுதுகொண்டே எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.

பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் இவரிடம், "தம்பி, இது எங்கட ஊர்ப் பக்கத்துப் பாட்டு. சின்னனில கேட்டது" என்றார்.

"ஓம் ஐயா" என்றார் என் கணவர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பால்மா ரின்னைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன்.

அவர்கள் கப்பலேறிப் போனார்கள். பாட்டும் அவர்களோடு போனது. நாங்கள் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் பப்பா வீட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, மறுபடி வெள்ளவத்தைக்கு வந்து கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மேல்மாடி அறை எடுத்தோம். அவர் வேலையில் இருந்து முன்கூட்டியே ஓய்வு எடுத்தார். றேமண்ட் கலவரத்துக்கு இரண்டு வருடம் முன்பே மெல்பேர்ணுக்குப் போயிருந்தான். கோஷ்டி என்று ஒன்று இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அந்தப் பாட்டின் மேல் எனக்கு இவ்வளவு உரிமை வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெட்கப்படாமல் சொல்கிறேன், எங்களுக்கென்று உலகத்தில் நடமாடியது அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தை முழுக்க வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கிறவர்களும், போனவர்களின் பெற்றோரும்தான். சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, இரவில் கதவு தட்டல் எல்லாவற்றுக்கும் நடுவில் இவருக்கு ஒரு புது வேலை முளைத்தது. ரொறன்ரோவில் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், இங்கே தாத்தா வந்து, "தம்பி, ஒரு பாட்டுக் கட்டி கசெற்றில அடிச்சுத் தாரும்" என்பார். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர்க் கோயில், வீட்டு மாமரம் எல்லாம் வரும்படி இவர் கட்டிக் கொடுப்பார். எரிந்த வாத்தியங்களுக்குப் பதிலாகப் பழையது பழையதாக ஒவ்வொன்றாக மறுபடி வாங்கியிருந்தார். ஆனால் கோஷ்டிதான் இல்லையே, என்ன செய்வது? ஸஹாப்தீன் நானாவின் ரேடியோ கடையில் இரண்டு பழைய கசெற் மெஷின் எடுத்தார். முதலில் ஒன்றில் டோல்கியை மட்டும் வாசித்துப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே ஹார்மோனியம் வாசித்து மற்ற மெஷினில் பதிவார். பிறகு அதை ஓடவிட்டு மெண்டலின், அப்புறம் குழல், கடைசியில் பாட்டு. ஒரு மனிதர் ஐந்து பேராகிவிடுவார். தெருவில் லொறி போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். நான் ஜன்னலில் நின்று, காலி வீதி என்கிற அந்தப் பெரிய றோட்டைப் பார்த்து, "லொறி இல்ல, வாசிங்க" என்பேன். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் இனிக்கிறது. அறைக்குள் அவ்வளவு வெக்கை, மின்விசிறி போட்டால் சத்தம் பதிந்துவிடும் என்று போட மாட்டோம். இரண்டு பேரும் வேர்த்து வழிந்துகொண்டு, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சிரித்துக்கொண்டு இருப்போம்.

ஒருநாள் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் மெண்டலின் பெட்டியைத் தட்டி, "மே மொக்கத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். இவர் திறந்து ஒரு சிங்கள பைலா மெட்டை வாசித்தார். சிப்பாய் துவக்கைத் தோளில் சரித்துக்கொண்டு இரண்டு அடி பாடியே விட்டான். பிறகு சட்டென்று முகத்தை இறுக்கி, "ஹரி, யன்ட" என்றான், சரி போங்கள் என்று. வீட்டுக்கு வந்ததும், "பாவம், நல்ல குரல்" என்றார் இவர். அவருக்கு எல்லாரிடமும் குரல்தான் முதலில் கேட்கும்.

தொண்ணூற்றெட்டு ஆனி மாதம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தியாகராசா மாஸ்டர் பேசினார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வருகிற சனத்தை லொட்ஜ் லொட்ஜாகத் தேடிப் போய், அவர்கள் வாயிலிருந்து நாட்டார் பாடல்களை எழுதி எடுத்து ஒரு திரட்டு தயாரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பொய்யில்லாத உழைப்பு. ஆனால் பேச்சின் நடுவில் எங்கள் பாட்டை எடுத்துப் பாடிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இருநூறு வருசத்துக்குக் குறையாத பாட்டு இது. கணவன் கடலில் இருக்கும்போது நெய்தல் நிலப் பெண்கள் கதவைச் சாத்துவதில்லை என்ற தொன்மையான வழக்கத்தை இந்த வரி காட்டுகிறது."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டுக் கதவு மழைக்கு ஊதிப் போனது இவர்களுக்குத் தொன்மையான வழக்கமாம்!

அன்றைக்கு வீடு வரைக்கும் அவரை விடவில்லை. "புத்தகத்துல அச்சாகிட்டா அதோட முடிஞ்சிது. நாளைக்கு நீங்களே வந்து நான்தான் கட்டினேன்னு சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இருநூறு வருசமாம்! எனக்கு இருநூறு வயசா?"

வழக்கம்போல ஏதாவது சொல்லி மழுப்புவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தலை குனிந்தபடி, "எனக்கும் ஆசைதான் மெற்றி" என்றார். "ஒரு இடத்திலயாவது என்ர பேர் இருந்தால் நல்லாத்தான் இருக்கும். கொப்பியள் எரிஞ்சு போச்சே, ஆர் நம்புவினம்?" இருபத்துநாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

றேமண்டுக்கு எழுதினேன். அவன் அந்த ஸ்பூலையெல்லாம் கொண்டுபோயிருந்தான். ஒன்றரை மாதத்தில் ஒரு கசெற் வந்தது. போட்டுக் கேட்டோம். மழை இரைகிற சத்தம். இளம் வயது நாகேந்திரம் "வாசல் கூட்டி வச்சவளே" என்கிறார். உடனே ஒரு வாயாடிப் பெண், "நான் எங்கங்க வாசல் கூட்டினேன்?" என்று சண்டைக்கு வருகிறாள். அவர் திருத்திப் பாடுகிறார். முடிவில் றேமண்ட், "எழுபத்துநாலு நவம்பர் பதினாறு" என்று தேதி சொல்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் அழுதேன். அவர் கசெற்றைப் பின்னால் சுற்றி, மறுபடியும் அந்த வாயாடிப் பெண்ணைக் கேட்டார்.

மாஸ்டருக்குப் போன் செய்து விசயத்தைச் சொன்னேன். அவர் மழுப்பவில்லை. "அப்பிடியெண்டால் என்ர பிழையை நான் திருத்தத்தான் வேணும். ஆசிரியர் தெரிஞ்ச பாட்டு என்ர திரட்டில இருக்கேலாது, அதைத் தூக்கிடுவன். ஆனா முன்னுரையில உங்கட அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவன். சனிக்கிழமை பத்து மணிக்குக் கசெற்றைக் கொண்டு வாங்கோ. திங்கள் அச்சுக்குப் போகுது" என்றார். ஒரு பக்கம்! நான் அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டேன்.

சனிக்கிழமை போனோம். அவர் மெண்டலினையும் எடுத்துக்கொண்டார். என் கைப்பைக்குள் சின்ன மெஷின், அதற்குள் கசெற், சரியான இடத்தில் சுற்றி வைத்திருந்தேன். மாஸ்டர் வீட்டு விறாந்தையில் முப்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ பாலேஸ்வரி. மயிலிட்டிப் பிள்ளை" என்றார் மாஸ்டர். "வன்னியிலயிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜில நிக்கிறா. சுவிஸில இருக்கிற மனுசனிட்டப் போக விசா பார்த்துக்கொண்டிருக்கிறா. அந்தப் பாட்டை எனக்குப் பாடித் தந்தது இவதான். புறூவில சொல்லுப் பிழை பார்க்க வரச் சொல்லியிருந்தனான்." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "இவவுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, தாளை நீட்டினாள். "அன்ரி, அம்மாட பேர் அச்சில வந்திருக்கு. பாருங்கோவன்."

பார்த்தேன். பாட்டின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: "பாடித் தந்தவர் பாலேஸ்வரி. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரது தாயார், மயிலிட்டி அமரர் கனகேஸ்வரி."

"தொண்ணூறில வீட்டை விட்டு வெளிக்கிட்டனாங்கள். அதுக்குப் பிறகு ஏழு இடம்" என்றாள். "தொண்ணூற்றாறில ஷெல் விழுந்து அம்மா போயிட்டா. அம்மாட படம் ஒண்டும் என்னட்ட இல்லை அன்ரி. அல்பம் எல்லாம் வீட்டோட போச்சு. ஐடென்ரி காட் அவவின்ர இடுப்புப் பையில இருந்தது, அதுவும் இல்லை. என்ர மகளுக்கு அம்மம்மா எண்டு காட்ட இந்தப் பாட்டுத்தான் இருக்கு. அம்மாவுக்கு அவவின்ர அம்மா சொல்லிக் குடுத்ததாம்."

பொய் என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. எழுபத்தைந்தில் ரேடியோவில் கேட்டுப் பழகியிருப்பாள் உன் அம்மா, அந்தக் கன்னம் என் கன்னம், அந்தக் கதவு என் பப்பாவின் கதவு! என் கை பைக்குள் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் பட்டனில். அவரைப் பார்த்தேன். "சொல்லுங்க" என்று கண்ணைக் காட்டினேன்.

அவர், "பிள்ளை, ஒருக்காப் பாடும்" என்றார்.

அவள் பாடினாள். இவர் அவள் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தேடி மெண்டலினில் மெதுவாகக் கூடப் போனார். எங்களுடைய மெட்டுத்தான், ஆனால் தாலாட்டுப் போல இழுத்து, நிதானமாக. நாங்கள் கட்டிய பாட்டு முழுக்க முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

வல்லம் வந்து சேர்ந்தாலும்
வலை நனைஞ்சு காய்ந்தாலும்
இல்லம் விட்டுப் போனவர்க்கு
எந்தக் கரை சொல்லு கண்ணே

மெண்டலின் நின்றுவிட்டது. இந்த நாலு வரி கொண்ட அடியை நாங்கள் கேட்டதே இல்லை.

"இந்தக் கடைசி அடி..." என்றார் அவர். "இதை அம்மா எப்ப பாடினவ?"

"அதுவும் பாட்டில உள்ளதுதானே அங்கிள்?" பாலேஸ்வரி யோசித்தாள். "வீட்டில இருக்கேக்கை பாடினதா ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தில அகதியா இருந்தம், அப்பதான் கடைக்குட்டித் தம்பியை நித்திரையாக்கப் பாடுவா."

அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. பாட்டைக் கட்டியவருக்குத்தானே எது தான் கட்டாதது என்று தெரியும். அந்த அடி கனகேஸ்வரியுடையது.

அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நான் கொழும்பில முப்பது வருசமாக் கலியாண வீடு, கோயில் எண்டு பாடித் திரிஞ்சவன். இந்தப் பாட்டை எத்தினையோ பேரின்ர வாயில கேட்டிருக்கிறன். பழைய பாட்டுத்தான். ஆனா இந்தக் கடைசி அடி ஒருத்தரும் பாடினதில்லை. இது இந்தப் பிள்ளையின்ர அம்மா தானே கட்டிப் போட்டது. நான் சத்தியம் பண்ணுவன். அவவின்ர பேரைப் போட்டு, அவ கட்டினது எண்டு எழுதுங்கோ."

"அம்மாவோ?" என்றாள் பாலேஸ்வரி. "என்ர அம்மா பாட்டுக் கட்டினவவோ?" அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, நீங்கள் கொண்டுவந்த கசெற்?" என்றார் என்னிடம்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, இரண்டு பேர். அவர் குனிந்து ஏதோ தந்தியை முறுக்குவதுபோல இருந்தார், முடிவை என் தலையில் போட்டுவிட்டு. மாதாவே, எனக்கு அந்த மனிதர் மேல் வந்த ஆத்திரம்! சட்டைக்குக் கஞ்சி போட்டவள் நான்.

"அதா சேர்?" என்றேன். "என் அண்ணன் அனுப்பினது. எங்க வீட்டுப் பழைய சத்தம்தான் இருக்கு. நான்தான் பாட்ட மாறி வெளங்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

மாஸ்டர் என்னை நிறைய நேரம் பார்த்தார். அவர் ஒன்றும் மடையர் இல்லை. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துப் புறூவ் தாளில் எழுதினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகையை அடக்க முடியவில்லை. "ஒரு பக்கம் எழுதுறேன்னாரு. ஒரு பக்கம்!" என்றேன்.

"மெற்றி, அந்த அடியைக் கேட்டனியெல்லோ?" என்றார். "அந்த மனுசி அகதியா இருந்துகொண்டு கட்டியிருக்கு. என்னால அப்பிடி ஒண்டு கட்டேலாது." அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை, கல்யாண நாளிலும்கூட.

புத்தகம் வந்தது. இருநூற்றுச் சொச்சம் பாட்டில், கட்டியவர் பெயர் போட்டிருப்பது அந்த ஒரு அடிக்கு மட்டும்தான். பாலேஸ்வரி இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு சுவிஸுக்குப் போனாள். அதற்குப் பிறகு எங்கே பாடினாலும் இவர் கடைசி அடிக்கு முன் வாத்தியத்தை நிறுத்தி, "இனி வாறது மயிலிட்டி கனகேஸ்வரி கட்டினது" என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவார். இரண்டாயிரத்து நாலில் அவர் போனபோது பத்திரிகையில் "ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்" என்று கிளார்க் வேலையை மட்டும் போட்டேன். "பாடலாசிரியர்" என்றும் போடச் சொல்லி றேமண்ட் போனில் சண்டை பிடித்தான். போடவில்லை.

கடைசியாக ஒன்று. இதில் நான் எழுதியிருக்கிற பெயர்கள் ஒன்றும் உண்மையான பெயர்கள் இல்லை. என் பெயரும் மெற்றில்டா இல்லை. ஊரையும் மாற்றியிருக்கிறேன். பாட்டின் வரிகளும் இவை அல்ல, அதே கருத்து வரும்படி நானே இருந்து மாற்றி எழுதினேன். அதனால்தான் இவ்வளவு சுமாராக இருக்கிறது. உண்மையான பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது பாடியிருப்பார்கள். எது என்று தேட வேண்டாம். உங்கள் அம்மா பாடினார் என்றால், அது உங்கள் அம்மாவின் பாட்டுத்தான்.